குடிக்காத டீயின் காசு

பூட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். நம்புகிற ஆளாக இருந்தால் அந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டார். தர்மம் என்று எவன் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வந்தாலும், "உன் வயித்தையும் சேர்த்துதானே?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரே ஒரு தர்மக் காரியத்தில் தலையை விட்டார் என்றால், அதற்கு அவர் மனைவிதான் காரணம். அவளுக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. படுத்துக் கிடக்கிற பிள்ளைக்குக் கட்டில் இருக்கிறது, கூட இருக்கிற தாய்க்கு வெறும் தரைதான் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்வாள். இரவெல்லாம் விழித்துக் கிடந்த தாய் விடியும்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள். ஈரத் துணியோடு போய் அவளை எழுப்ப வேண்டும். கை கூசுகிறதாம்.

"மடக்குக் கட்டில் நாலு இருந்தா போதும். நீங்க டீக்கடையில காசு அழுவுறதை நிறுத்தினாலே ஒண்ணு வாங்கிடலாம்."

வாயால் சொன்னதோடு விடவில்லை. அன்றைக்கே தன் வாசனை சோப்பை நிறுத்திவிட்டாள். துணி துவைக்கிற சோப்பில் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் படுப்பவளிடம் மனுஷன் என்ன பதில் சொல்வார்? சரி என்றார்.

பூட்டுக்கடைக்கு ஒரு பக்கம் தையல்கடை, மறுபக்கம் சலூன். வரிசைக் கோடியில் டீக்கடை. டீக்கடைக்காரரை எல்லோரும் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போடுகிற டீயில் பாதிக் கிளாஸ் நுரைதான் இருக்கும். காலையும் மாலையும் வரிசை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

பூட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னதும் தையல்காரரும் சலூன்காரரும் தயங்காமல் ஒத்துக்கொண்டார்கள். காசை எவன் கையிலும் கொடுப்பதில்லை, கட்டிலாக வாங்கிக் கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவாயிற்று. பூட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியை எடுத்து, மேலே காசு போகிற அளவுக்கு வெட்டி, மூன்று பூட்டுப் போட்டார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சாவி. மூன்று பேரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும்.

சலூன்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, பூட்டு செய்யறது நீங்க. மூணுக்கும் இன்னொரு சாவி நீங்களே வெச்சுக்கிட்டா?"

"இந்தச் சந்தேகம் வரணும். இப்பதான்டா நீ மனுஷன்," என்றார் பூட்டுக்காரர்.

பெட்டியை எங்கே வைப்பது? நாலு பேர் கண் எப்போதும் இருக்கிற இடம் டீக்கடை மேஜைதான். நுரையிடம் கேட்டார்கள். அவர் பிஸ்கட் ஜாடியை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தார்.

முதல் சில நாள் டீ இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகினதும் பெருமை வந்துவிட்டது. டீ நேரத்துக்கு மூவரும் டீக்கடைக்குப் போவார்கள். டீக்காசைப் பெட்டியில் போடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி, நுரை வைத்திருக்கிற பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வருவார்கள். விஷயம் பரவி, கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். பூட்டுக்காரர் சாயங்காலம் பெட்டியைத் தூக்கி எடை பார்ப்பார். கனக்கக் கனக்க மனசு லேசாகும். இத்தனை பேர் நல்லவர்களா என்று அவருக்கே ஆச்சரியம்.

ஒருநாள் மத்தியானம் சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். டீக்கடையில் ஆள் இல்லை. நுரை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியின் மேல் குனிந்தார். பூட்டுக்காரர் அரத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் பயந்தது சரியாகப் போயிற்று. உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னப்பா, பெட்டியோட ரகசியம் பேசுற?"

நுரைக்கு முகம் தொங்கிவிட்டது. கையில் காசு இருந்தது. "நானும் டீயை விட்டுட்டேன் அண்ணே. எல்லாரும் போடுறாங்க. என் கடையிலயே வெச்சுட்டு நான் மட்டும் போடலைன்னா நல்லாவா இருக்கும்?"

பூட்டுக்காரர் நம்பவில்லை. குனிந்து மூன்று பூட்டையும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கண் அப்படியே கடைக்குள் போயிற்று. டீ கொதிக்க வேண்டிய நேரத்தில் அடுப்பு அணைந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் காய்ந்து போயிருந்தன. பால் பாத்திரம் கழுத்துவரை நிறைந்து ஆடை கட்டி நின்றது. மூலையில் ஒரு பலகை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. எடுத்துத் திருப்பினார். 'கடை வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"என்ன இது?"

"இன்னும் மாட்டல அண்ணே. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்னு வெச்சிருக்கேன்."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்ல? அந்தப் பொம்பளைங்க தரையிலயே கிடக்கட்டும், நீங்க டீ குடிங்கன்னா?"

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. மூன்று பூட்டுப் போட்டும் திருட்டு நடந்திருக்கிறது. பூட்டுப் போட்டவன்தான் திருடன். வரிசையே சேர்ந்து நுரையின் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் காசை நுரையின் மேஜையிலேயே வைத்துப் பூட்டியிருக்கிறது. அதற்குக் காவலும் நுரை.

"அடுப்பைப் பத்த வை," என்றார். "ஒரு டீ போடு."

டீ கொதித்து வரும்வரை உட்கார்ந்திருந்தார். குடித்தார். நுரைதான் அதிகம்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். யோசனை சொன்னவள் அவள்தானே. ஆனாலும், "அப்போ கட்டில்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பெஞ்சில் பஞ்சாயத்து கூடியது. இந்த முறை எல்லோர் கையிலும் டீ. சவரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்றார் தையல்காரர். சலூன்காரர் விடுவாரா? கிழிந்த சட்டையை ஆளாளுக்கு வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாமே என்றார். பேச்சு தடித்தது. பூட்டுக்காரர் கிளாஸை டொக்கென்று வைத்தார்.

"முகம் தெரிஞ்சவன் வயித்துல அடிக்க வேணாம். எந்தச் சரக்கோட முதலாளி மூஞ்சிய நாம பார்த்ததே இல்லையோ, அதை விடுவோம்."

எல்லோரும் யோசித்தார்கள். தையல்காரர் செல்போனில் காசு கட்டி ஆடுகிற விளையாட்டை விட்டார். சலூன்காரர் பாட்டிலில் வருகிற கலர் பானத்தை விட்டார். பிறகு எல்லோரும் பூட்டுக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார்கள். உள்ளே சிகரெட் பெட்டி இருந்தது. டீயையே விட்டுக் காட்டியவருக்கும் இது உயிரை விடுகிற மாதிரி. வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு எடுத்து மேஜைமேல் போட்டார்.

"நான் டீயை விட்டது விட்டதுதான் அண்ணே," என்றார் நுரை.

"நீ குடி. தான் குடிக்காத டீயை விக்கிறவனை நான் நம்பமாட்டேன்."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து தன் சாவியை அவிழ்த்து நுரையின் கையில் வைத்தார். "என் பூட்டுக்கு நீதான் இனி. தொலைச்சேன்னா புதுச் சாவிக்குக் காசு வாங்குவேன், ஆமா."

பெட்டி முன்னைப்போல வேகமாக நிறையவில்லை. மாசக் கடைசி வந்தது, போயிற்று. அந்தப் பலகை இப்போது நுரை பிஸ்கட் ஜாடி வைக்கிற தட்டாகக் கிடக்கிறது. எழுத்துப் பக்கம் கீழே.

ஒருவழியாகப் பெட்டியைத் திறக்கிற நாள் வந்தபோது இரண்டு கட்டிலுக்குத் தேறும் என்று பூட்டுக்காரர் எடையை வைத்தே சொல்லிவிட்டார். மனைவி வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தாள். தையல்காரர் தன் பூட்டைத் திறந்தார். சலூன்காரர் திறந்தார். மூன்றாவது பூட்டு தொங்கியது. சாவிக்காரர் கிடங்கு ஆட்களுக்கு வரிசையாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வாய்யா சீக்கிரம்," என்றார் தையல்காரர்.

"இருங்க, கை வேலையா இருக்கேன்ல."

பூட்டுக்காரர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அவன் வரட்டும்," என்றார். "அதுவரைக்கும் எனக்கு ஒண்ணு."