இரண்டு தலைமை ஆசிரியர்கள்

டிக்கெட் பரிசோதகர் வேலையில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பேருந்தில் ஏறி ஒரு பார்வை பார்த்தால் போதும், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று சொல்லிவிடுவேன். அவன்தான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பேர்ப்பட்ட என்னை ஒருவன் ஒட்டு மீசையை வைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டான்.

அன்று என் மகளுக்குப் பதினோராம் வகுப்பில் சேர நேர்முகம். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் கைவிரித்துவிட்டார்கள். மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. "பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குறாளே" என்றார்கள். வீட்டில் வாய் ஓயாதவள், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஊமையாகிவிடுகிறாள். இந்தப் பள்ளியும் போனால் ஒரு வருடம் வீண்.

பள்ளி வராந்தா முழுக்க ஒயர்களும் விளக்குகளும் கிடந்தன. ஏதோ ஆண்டு விழா போல என்று நினைத்தேன். காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களாம்மா! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். பொண்ணையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, உள்ள போங்க."

மரியாதை தெரிந்த பள்ளி என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

உள்ளே தலைமை ஆசிரியர். தொளதொளவென்று கோட்டு, கனத்த மீசை. எங்களை உட்காரச் சொல்லாமல் மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கோபக்காரர் என்று நினைத்தேன். சான்றிதழ்க் கோப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று மகளைக் கேட்டார்.

"அறிவியல் சார். அதுல நல்ல மார்க் சார்" என்றேன் நான்.

"வீட்டுல என்ன பண்ணுவே?"

"படிச்சுக்கிட்டே இருப்பா சார். படிப்பைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது சார்."

"ஏம்மா, நான் அவளைக் கேட்டேன். நீங்களா பதினொண்ணாவது படிக்கப் போறீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க நின்றாள். அவளும் அழுகிறாள் என்று எனக்கு இன்னும் பதறியது. "சார், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்" என்று நான் நிஜமாகவே குனிந்ததும், அந்த மனிதர் அலறியடித்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார்.

"கட்!" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல். கைதட்டல். அங்கே கேமரா இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இயக்குநர் உள்ளே ஓடி வந்தார்.

"காலையிலேருந்து தலையால தண்ணி குடிச்சும் இவன் மூஞ்சியில இந்தப் பயம் வரலம்மா! நீங்க எந்த நாடகக் குழு?"

விஷயம் இதுதான். ஓர் இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள் பள்ளி மாணவர்களாக நடிக்கும் சிரிப்புப் படமாம். அதில் ஒரு மாணவன் விளையாட்டாகத் தலைமை ஆசிரியரின் கோட்டைப் போட்டு, மீசையும் ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது, சேர்க்கைக்கு வரும் ஓர் அம்மா அவனை நிஜம் என்று நம்பிவிடுகிறாளாம். அந்த மாணவன்தான் இந்த ஆள், குழுவின் டிரம்மர். அம்மாவாக நடிக்க வேண்டிய நடிகை வந்து சேரவில்லை. நான் வந்து சேர்ந்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமாடி?" என்று மகளைக் கேட்டேன்.

"பார்த்ததுமே தெரிஞ்சுதும்மா. தினமும் அவங்க பாட்டைத்தானே கேக்குறேன். நீ எங்க என்னைப் பேச விட்டே?"

அழவில்லை, சிரித்திருக்கிறாள்! ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அதற்கும் நேரமில்லை. நிஜத் தலைமை ஆசிரியை தன் அறையைப் படப்பிடிப்புக்குக் கொடுத்துவிட்டு மாடியில் நூலகத்தில் இருக்கிறார் என்றார்கள். மூச்சிரைக்க ஓடினோம்.

"உங்க நேரம் முடிஞ்சுபோச்சே" என்றார் அவர். "சரி, சர்டிபிகேட் எங்க?"

கையைப் பார்த்தேன். கோப்பைக் கீழேயே விட்டுவிட்டேன்.

"பரவாயில்ல. உன்னைப் பத்தி நீயே ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

மகள் வாயடைத்து நின்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு டிரம்மர் வந்தார். அதே கோட்டு, கையில் எங்கள் கோப்பு. மீசை ஒரு பக்கம் பிய்ந்து உதட்டில் தொங்கியது.

"அம்மா, இதை விட்டுட்டு வந்துட்டீங்க."

"யாருங்க நீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

என் வாய் தானாகத் திறந்தது. மகள் என் காலை மிதித்தாள்.

"மேடம், இவர் டிரம்மர். மாணவரா நடிக்கிறார். அந்த மாணவர் உங்களை மாதிரி நடிக்கிறார். எங்கம்மா அவரை நீங்கன்னு நெனச்சு அழுதாங்க. இவங்க எங்கம்மாவை நடிகைன்னு நெனச்சுப் படமே எடுத்துட்டாங்க."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நான் அழுத அழுகையைக்கூட அப்படியே நடித்துக் காட்டினாள். என் மானம் கப்பலேறியது. தலைமை ஆசிரியை அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமலே கோப்பை வாங்கி, அதிலிருந்த சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். மறுபடியும் "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் எங்கம்மா தொபுக்குன்னு அவர் கால்ல விழுந்துட்டாங்க மேடம்."

விழவில்லை. குனிய மட்டும்தான் செய்தேன். திருத்திச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார்.

"இல்லைங்க" என்றேன். "அவளே சொல்லட்டும்."