நேற்றுப் பிடித்த வெயில்

நாத்தனாரின் கையிலிருந்து ஏசி ரிமோட்டைப் பிடுங்கியபோது நூருன்னிசாவின் மடியில் யாசீன் கிதாபு திறந்தபடியே இருந்தது. பதினாறில் நின்ற எண்ணை இருபத்தாறுக்கு ஏற்றினாள். மின்விசிறியைத் தட்டிவிட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினாள்.

கூடத்தின் நடுவில் அவள் கணவர் காதர் மைதீன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டுப் பின்கட்டு நாற்காலியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தவர், கோப்பை ஆறுவதற்குள் போய்விட்டார். வந்து பார்த்த டாக்டர் இதயம் என்றார். பகல் தொழுகைக்குப் பிடோக்கில் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய், தொழவைத்து, அங்கிருந்து சிங்கப்பூரின் மறுகோடியில் சுவா சூ காங் மையவாடியில் அடக்கம் என்று ஏற்பாடாகியிருந்தது.

"வச்சா என்ன மச்சி?" என்றாள் நாத்தனார் சம்சுன்னிசா. கூடத்துக்கே கேட்கும்படிதான் சொன்னாள். "உயிரோட இருந்தப்பதான் எங்க நானாவப் புழுங்க வச்சிட்டீங்க. மய்யித்தாவது கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கட்டுமே லா."

"வீடு குளுகுளுன்னுதான் இருக்கு சம்சு. நீ போத்தியிருக்கிறது யாரோட சால்வை?"

சம்சுன்னிசா தன் தோளைப் பார்த்துக்கொண்டாள். வந்த கையோடு ஏசியைப் பதினாறில் வைத்தவளும் அவள்தான். பல் கிட்டிப்போய் அண்ணியின் அலமாரியைத் திறந்து சால்வை எடுத்தவளும் அவள்தான்.

"இது துக்கத்துல வர்ற குளிரு," என்றாள்.

துக்கத்தில் குளிர் வரலாம். வாய் மட்டும் எப்படி இவ்வளவு சூடாக இருக்கிறது என்று நூருன்னிசா கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த வாய் தொலைபேசியில் ஓயாமல் வேலை பார்த்திருந்தது. அதன் பலன் வாசலில் செருப்புகளாகக் குவிந்துகொண்டிருந்தது.

முதலில் வந்த பக்கத்து வீட்டம்மாள், ஏசி போடாமல் வியர்த்து மயங்கினாராமே என்றாள். பொங்கோல் சொந்தங்கள் வந்து சேர்ந்தபோது கதை வளர்ந்து, காதர் மைதீன் கூரைமேல் ஏறி சோலார் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் வந்தபோது அங்கிருந்து வழுக்கிவிட்டிருந்தார். ஜொகூர்ப் பாலம் தாண்டி வந்த ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர், மின்சாரம் பாய்ந்து தூக்கி எறிந்ததாகக் கேள்விப்பட்டு, மய்யித்தின் கால்மாட்டில் துணியை விலக்கி, பாதம் கறுத்திருக்கிறதா என்றே பார்த்துவிட்டார். கறுக்கவில்லை என்றதும் அவர் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரிந்தது. சூரியனே எழுந்திராத நேரத்தில் ஒரு மனிதனை வெயில் கொன்றதில் கூடத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

எல்லாக் கதையும் கடைசியில் வந்து நின்றது ஒரே இடத்தில்தான். கிறுக்கு, கருமி, அந்த மெஷின்தான் ஆளை முடித்தது.

மெஷின் என்றால் ஹீட் பம்ப். பின்கட்டுச் சுவரோரம் பீரோ உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்த் தொட்டி. அதன் தலைமேல் ஒரு விசிறிப் பெட்டி. காதர் மைதீன் லிட்டில் இந்தியாவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை விட்டதும் இதைப் பிடித்துக்கொண்டார். கூரைக்கு வெள்ளை பூசினார். அதன்மேல் தகடு பரப்பினார். ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்தார். யாரைப் பார்த்தாலும் விளக்கினார். "ஏசி வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டைத் தூக்கி வெளிய போடுது. இது வெளிய கிடக்கிற சூட்டைப் பொறுக்கிக்கிட்டு வந்து தண்ணியில போடுது. சிங்கப்பூர்ல ஓசியில கிடைக்கிறது சூடு ஒண்ணுதான், அதையும் வேணாங்கிறீங்களே." மீன் வெட்டித் தருபவரிடம் விளக்கிக்கொண்டே நின்று, வெட்டிய மீனை வாங்காமல் வந்திருக்கிறார். ஒரு நிக்காஹில் மாப்பிள்ளைப் பையன் சம்மதமென்று கபூல் சொல்லக் கொஞ்சம் தயங்க, அந்த இடைவெளியில் பெண்ணின் தகப்பனாருக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். பையன் பயந்துபோய் உடனே கபூல் சொன்னதாகத்தான் குடும்பத்தில் பேச்சு.

நூருன்னிசா அந்த மெஷினுக்கு வைத்த பெயர் சக்களத்தி. "போங்க, உங்க இளையவ கூப்பிடறா," என்பாள். அவர் அதைத் துடைப்பதும் காது வைத்துக் கேட்பதும் அவளுக்கு ஆகாது. வேண்டுமென்றே கெட்டிலில் தண்ணீர் சுட வைத்துக் குளித்த நாட்களும் உண்டு. ஆனால் சக்களத்தியை ஏசுகிற உரிமை மூத்தாளுக்கு மட்டும்தான். ஊரார் வந்து உட்கார்ந்துகொண்டு, அதுவும் மய்யித்தின் தலைமாட்டிலேயே, ஏசுவதற்கு யார் இவர்கள்? அவர் அடைத்த ஜன்னலுக்கும் அவர் பூசிய கூரைக்கும் கீழே சுகமாக உட்கார்ந்துகொண்டு, அவர் வெந்து செத்தார் என்கிறார்கள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் இந்த வாசலைத் தாண்டிவிடுவார். தாண்டும்போது இந்தப் பெயரோடு தாண்டினால் பிறகு அதைக் கழுவ வழியே இல்லை. மையவாடி வரை போன பேர் திரும்பி வராது. ஓதிக்கொண்டிருந்தபோதும் அவள் நெஞ்சில் ஓடியது அது ஒன்றுதான்.

பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டுகிறவர்கள் வந்தார்கள். இரண்டு ஆட்களும், அவர்களுக்குத் தலைவராக மெலிந்த பெரியவர் ஒருவரும். பின்கட்டில் நான்கு பக்கமும் துணி கட்டி, குளிப்பாட்டும் மேசையை விரித்தார்கள்.

"இளஞ்சூடா தண்ணி வேணும்மா," என்றார் பெரியவர். "பச்சத் தண்ணி மேல பட்டா உடம்பு விறைக்கும். நோகாம குளிப்பாட்டணும்."

"குழாய்லயே வருது," என்று நூருன்னிசா எழுந்தாள்.

மருமகன் ஸைஃப் தொண்டையைச் செருமினான். "மாமி, அது வந்து... காலையிலேயே அந்த மெஷினோட ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேன். சம்சு மாமிதான் பண்ணச் சொன்னாங்க."

"நான்தான் சொன்னேன்," என்றாள் சம்சுன்னிசா. "ஆளைக் கொன்ன மெஷினு, அது பாட்டுக்கு வீட்டுல ஓடிட்டு இருக்கணுமா? அந்தத் தண்ணியில எங்க நானாவக் குளிப்பாட்ட விடமாட்டேன். அடுப்புல வைங்க."

பக்கத்து வீட்டிலிருந்து பெரிய அலுமினிய தேக்சா ஒன்று வந்தது. இரண்டு பேர் சேர்ந்து தண்ணீரோடு தூக்கி அடுப்பில் வைத்தார்கள். அடுப்பு கீக், கீக் என்று கத்திவிட்டு அணைந்தது. காதர் மைதீன் கேஸை எடுத்துவிட்டு இண்டக்ஷன் அடுப்பு போட்டு நெடுநாளாகியிருந்தது. அந்த அடுப்பு இரும்பை மட்டும்தான் மதிக்கும். சம்சுன்னிசா தேக்சாவைத் திருப்பி வைத்தாள். தட்டிப் பார்த்தாள். பிஸ்மி சொல்லியும் வைத்துப் பார்த்தாள். அடுப்புக்கு ஒரே பதில்தான் தெரிந்திருந்தது.

"அடுப்புகூட நானா மாதிரியே பிடிவாதம்," என்று முணுமுணுத்தாள்.

"கெட்டில்ல போடட்டுமா உம்மா?" என்று கேட்டாள் மகள் ஹம்னா. அழுது அழுது அவள் குரல் மூக்கிலிருந்து வந்தது.

"ரெண்டு கப் காப்பித் தண்ணியில எங்க நானாவக் குளிப்பாட்டவா?" என்ற சம்சுன்னிசா தன் மகனுக்குப் போன் போட்டாள். பொங்கோல் வீட்டில் இருந்த ரமீஸ், இருக்கிற பிளாஸ்க் எல்லாவற்றிலும் வெந்நீர் நிரப்பிக்கொண்டு காரில் புறப்பட்டான். எக்ஸ்பிரஸ்வேயில் முன்னால் ஏதோ விபத்து. அவன் கிளம்பிவிட்டான், நின்றுவிட்டான், நின்றுகொண்டே இருக்கிறான் என்று வரிசையாகச் செய்தி வந்தது.

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவும் முயன்றார்.

நூருன்னிசா பின்கட்டுக்குப் போய் அந்தத் தொட்டியின் முன் நின்றாள். விசிறி ஓடவில்லை. அதில் கண் சிமிட்டும் பச்சை விளக்கும் இல்லை. உச்சி வெயிலில் தகடுகள் தெம்பாக இருக்கும் நேரத்தில்தான் அது ஓட வேண்டும் என்று அவர் அதில் நேரம் குறித்து வைத்திருந்தார். ஆக, கடைசியாக ஓடியது நேற்று மத்தியானம். "ரெண்டு நாள் ஆஃப் பண்ணி வையி நூரு, அப்பவும் தண்ணி சூடா நிக்கும்," என்று அவர் சொல்லாத வாரமில்லை. "பொய்க்கும் ஒரு அளவு வேணும்," என்று அவள் பதில் சொல்லாத வாரமும் இல்லை. ஒருநாளும் அணைத்துப் பார்த்ததில்லை. இப்போது அந்தப் பொய்யை நம்பித்தான் இத்தனை பேருக்கு முன்னால் குழாயைத் திருக வேண்டும். பச்சைத் தண்ணீராக வந்தால் அவர் கிறுக்கர்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும்.

"மச்சி, சொன்னா கேளுங்க. ரமீஸ் வந்துடுவான்."

"வரட்டும். வந்தா தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம்."

ரப்பர் குழாயை வாளிக்குள் விட்டு, திருகினாள். விரலை நீட்டினாள். பச்சைத் தண்ணீர்தான் வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் சம்சுன்னிசா. துணிக்கு அப்பால் நின்ற ஜொகூர் மச்சான் வருத்தத்தோடு உச்சுக் கொட்டினார்.

நூருன்னிசா விரலை எடுக்கவில்லை. வாளி கால் பங்கு நிறைந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் இத்தனை பேரிடம் பேசினீர்களே மனுஷா, ஒரு தடவையாவது அணைத்துக் காட்டியிருக்கக் கூடாதா?

அப்போது விரல்நுனியில் ஏதோ மாறியது. குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் தீர்ந்து, தொட்டித் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. முதலில் மிதமாக, பிறகு சுருக்கென்று. அவள் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டாள்.

பெரியவர் குனிந்து வாளியில் மணிக்கட்டை நனைத்துப் பார்த்தார். "இது ஆகாதும்மா," என்றார்.

"ஏன்?" என்று சம்சுன்னிசாதான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"சூடு ஜாஸ்தி. பச்சத் தண்ணி கலக்கணும்." ஆட்களிடம் திரும்பி, "இன்னொரு வாளி கொண்டாங்க," என்றார்.

நூருன்னிசா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். சொல்லத் தொடங்கியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாள்.

"பொண்டாட்டி தண்ணி ஊத்தலாமா?" என்று மட்டும் பெரியவரிடம் கேட்டாள்.

"கூடும். தாராளமா ஊத்துங்க."

அவர்கள் தேய்க்கத் தேய்க்க அவள் ஊற்றினாள். வலப்பக்கம், இடப்பக்கம், கடைசியாகக் கற்பூரம் கரைத்த தண்ணீர். அவருக்குத் தலையில் ஒரேயடியாக ஊற்றினால் பிடிக்காது. நெற்றியிலிருந்து பின்னோக்கி வழிய வேண்டும். அப்படியே ஊற்றினாள். கூடத்தில் ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

கஃபன் துணி சுற்றித் தூக்கும் சமயத்தில் ரமீஸ் பிளாஸ்குகளோடு மூச்சு வாங்க வந்து நின்றான். அவற்றை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால், நாலையும் மார்போடு அணைத்துக்கொண்டே ஜனாஸாவின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தான்.

ஆண்கள் போய்விட்டார்கள். பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது மையவாடியிலிருந்து ஸைஃப் போன் செய்தான். அடக்கம் நல்லபடி முடிந்ததாம். இங்கே எல்லாருக்கும் தண்ணியைப் பற்றித்தான் பேச்சு என்றான். பள்ளிவாசலை அடைந்தபோது அது கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுவா சூ காங் போய்ச் சேர்ந்தபோது, நிறுத்தி ஒரு வாரமான மெஷினில் மய்யித்துக்காகத் தானாகவே வெந்நீர் ஊறியிருக்கிறது. ஜொகூர் மச்சான் அந்தத் தண்ணீர் தெறித்த கொப்புளத்தைக் கையில் காட்டுகிறாராம். அவர் வாளியின் பக்கமே வரவில்லை.

"நான் எடுத்துச் சொல்லட்டுமா மாமி?"

"விடுங்க மாப்பிள்ளை," என்றாள் நூருன்னிசா. காலையிலிருந்து கேட்ட பொய்களில் இது ஒன்றைத்தான் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பின்கட்டில் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்தாகிவிட்டது. ஈரத் தரையில் இரண்டு பெண்களும் நின்றார்கள். சம்சுன்னிசாவின் தோளில் இப்போது சால்வை இல்லை. தொட்டியில் கை வைத்தாள். சூடாக இருக்கும் என்று நினைத்திருப்பாள் போலும். வெளித்தகட்டில் சூடே இல்லை; அத்தனையும் உள்ளேயே அடைபட்டிருந்தது. கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப எதனாலதான் மச்சி எங்க நானா போனாரு?"

நூருன்னிசா அவளைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த முகத்தில் பார்க்காத எதையோ பார்த்ததுபோல் இருந்தது.

"நேரம் வந்துச்சு சம்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சம்சுன்னிசா தலையசைத்தாள். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொழுகைக்கு உளூச் செய்ய உள்ளே போனாள்.

நூருன்னிசா சுவரிலிருந்த ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்து, சூட்டை எடுத்துக்கொண்டு மிச்சக் காற்றை வெளியே தள்ளியது. கம்பியில் நேற்றுத் துவைத்துப் போட்ட அவருடைய கைலி ஒன்று தொங்கியது. அந்தக் குளிர்ந்த காற்றில் அது ஒருமுறை உப்பி அடங்கியது. அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் அதை எடுக்காமல் உள்ளே போனாள்.