பூட்டிய சுமைதாங்கி

கிளியனூரிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற சாலையில், புளியமரத்தைத் தாண்டினால் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. நிற்கிற கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. என் அக்கா கோவிந்தம்மாளுக்காக அப்பா வைத்தது. எண்பத்து மூன்றில் அக்கா எட்டு மாத வயிற்றோடு செத்துப்போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளையை இறக்கி வைக்காமலே போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறும்போதெல்லாம் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து, கூடையோடு பஸ் ஸ்டாப்புக்கு விற்கப் போகிற நான் தினமும் அங்கே இறக்கி வைப்பேன். மற்றவர்களெல்லாம் இப்போது பைக்கில் போகிறார்கள். என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை.

போன தை மாதம் அந்தக் கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, கதவு வைத்து, பூட்டையும் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு போர்டு. எங்கள் தெரு ஜெசிந்தா படித்துச் சொன்னாள். 'வரலாற்றுச் சின்னம். நானூறு ஆண்டுகளுக்கு முன் செஞ்சிக் கோட்டையின் குதிரை வீரர்கள் இளைப்பாறிய இடம். கல்லின் மீது எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது.'

சுமைதாங்கியின் மேல் சுமை வைக்கக் கூடாதாம். சோற்றுப் பானையில் சோறு வைக்கக் கூடாது என்றும் ஒரு போர்டு எழுதி வைக்க வேண்டியதுதானே. படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் வரும்போல.

அதை வைத்தவர் மணிமாறன் சார். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். வட்டார வரலாற்றுப் பேரவை என்று ஒன்றை நடத்துகிறார். திண்டிவனத்தில் வீடு. வியாபாரத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனேன்.

"சார், அது எங்க அக்கா கல்லுங்க. குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல."

"மேல்கல்லுல தாமரை செதுக்கியிருக்கே, பாத்தியாம்மா? அது அந்தக் காலத்து வேலை."

"ஏரி மதகு இடிஞ்சி கெடந்துதுங்க. அந்தக் கல்லைத்தான் எங்கப்பா மாட்டு வண்டியில போட்டுக்கினு வந்து நட்டாரு. நானும் வண்டி பின்னால நடந்துக்கினு வந்தேன்."

"அக்காவுக்குன்னா பேரு வெட்டியிருக்கணுமே?"

"பேரு வெட்டி இன்னாங்க பண்றது? எங்க ஊட்ல படிக்கத் தெரிஞ்சவங்களே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ மதகுக் கல்லை உங்கப்பா பேத்து எடுத்துட்டாரா? இதையெல்லாம் வெளியில சொல்லாதம்மா. கேஸ் ஆயிடும்."

நான் பூட்டைத் திறக்கச் சொல்லிப் போனேன். அவர் என் அப்பாவைத் திருடனாக்கி அனுப்பினார்.

ஜெசிந்தாவிடமே சொல்லி மனு எழுதினேன். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். வரிசையில் நின்று கொடுத்தேன். இது எங்கள் ஆபீஸ் இல்லை, அந்த ஆபீஸ் என்றார்கள். அந்த ஆபீசில் பஞ்சாயத்தைக் கேள் என்றார்கள். பஞ்சாயத்தில், ரோட்டு ஓரம் என்றால் ரோட்டுக்காரர்களுக்கு எழுது என்றார்கள். அதற்கும் எழுதினேன். ஆறு மாதத்தில் நாலு மனு. நாலிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அதில் மட்டும் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே வேலியைக் கடந்து போனேன். கொஞ்சம் பொறுத்துக்கோ அக்கா என்பேன். சொல்லும்போதெல்லாம் அழுகை வரும், பின்னாலேயே ஆத்திரமும் வரும்.

ஆடி மாதம் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். வெட்டுவதற்கு அடையாளமாகப் புளியமரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். அன்று நான் கூடையோடு வந்தபோது வேலிக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. அளக்க வந்த ஆபீசர் ஒருவர், அவர் பக்கத்தில் ஃபைலோடு மணிமாறன் சார்.

"இங்க அருணான்றது யாரு?" என்று கேட்டார் ஆபீசர்.

"நான்தாங்க."

அவர் கையில் என் மனு இருந்தது. ஜெசிந்தாவின் குண்டு எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில் ஒருத்தராவது படித்தார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"உங்க அக்கா கோவிந்தம்மாளுக்காக எண்பத்தி மூணுல வெச்ச கல்லுன்னு எழுதியிருக்கீங்க. நெஜந்தானா?"

"பூட்டைத் தொறந்துடுவீங்களா சார்?"

"பூட்டு இன்னா, கல்லையே எடுத்துடுவோம். பழைய சின்னம்னு சார் சொன்னதாலதான் ரோட்டை வளைச்சி பிளான் போட்டிருக்கு. நாப்பது வருஷத்துக் கல்லுக்கெல்லாம் வளைக்க முடியாதும்மா. ஜல்தி சொல்லுங்க, ஜேசிபி நிக்குது."

சாலையின் அந்தப் பக்கம் ஜேசிபி நின்றுகொண்டுதான் இருந்தது. மணிமாறன் சார் என்னையே பார்த்தார். அப்பாவைத் திருடன் என்ற வாய் இப்போது திறக்கவே இல்லை. அவருடைய குதிரைகளைக் காப்பாற்ற என் வாய் வேண்டியிருந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"குதிரைக்காரங்க கல்லுதாங்க," என்றேன். "எங்கப்பாவே சொல்வாரு."

"அப்போ இந்த மனு?"

"பூட்டிட்டாங்கன்ற கோவத்துல எழுதினதுங்க. பொய்யிங்க."

"கோவிந்தம்மாள்னு அக்கா?"

"அப்படி யாரும் இல்லைங்க. எனக்கு அக்காவே கெடையாது."

அவர் மனுவின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜீப் கிளம்பியது. "நல்ல காரியம் பண்ணினேம்மா," என்றார் மணிமாறன் சார். கல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கூடை இன்னும் என் தலையில்தான் இருந்தது. அக்காவின் பக்கம் திரும்ப முகம் இல்லாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.