ரூட் டெஸ்ட் கைவிரித்தபோது

இந்த வேலையும் கிடைக்காவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து அண்ணனுடைய டயர் கடையில் பில் போட வேண்டும். கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு டயர் கடை! நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கல்லூரி நேர்முகத்தில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். எதிரே துறைத்தலைவர், பக்கத்தில் பிரின்சிபால் மேடம். முடிவில்லாத தொடர் குவியுமா, அதாவது அதன் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் அடங்குமா என்று பார்க்கும் ரூட் டெஸ்டை எடுத்துக்கொண்டேன். n-ஆவது உறுப்புக்கு n-ஆவது மூலம் எடுத்து, n பெருகப் பெருக அது எதை நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே என்றால் குவியும், மேலே என்றால் குவியாது.

கணக்கு, n/(n+1), அடுக்கு n². தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஆனால் பதற்றத்தில் வெறும் n என்று அடுக்கு எழுதித் தொலைத்தேன். மூலம் எடுத்தால் அது நெருங்குவது சரியாக ஒன்றை. ஒன்று வந்தால் ரூட் டெஸ்ட் கையை விரித்துவிடும்.

"என்னம்மா, குவியுமா குவியாதா?" என்றார் துறைத்தலைவர்.

"இந்த டெஸ்டை வச்சு சொல்ல முடியாது சார். அடுக்குல ஸ்கொயரை விட்டுட்டேன்."

"பரவால்ல, அழிச்சுட்டு எழுதுங்க" என்றார் மேடம்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. "வேணாம் மேடம். இதையே ஒரு கை பாத்துடறேன்."

உறுப்பையே முறைத்துப் பார்த்தேன். அது 1/e-ஐ, அதாவது சுமார் 0.37-ஐ நெருங்குகிறது, பூஜ்யத்துக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அவ்வளவைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எங்கே அடங்கும்?

"குவியாது சார்!" கத்தியே விட்டேன்.

"சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார் அவர்.

இதே வாக்கியத்தை எத்தனை கல்லூரிகளில் கேட்டிருப்பேன்! பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லிடுங்க. வீட்ல போனையே பாத்துட்டு உக்கார என்னால ஆகாது."

அவர் முகம் சுருங்கியது. மேடம் சிரித்துவிட்டார்.

"நம்ம பிள்ளைங்களும் பாதிக் கணக்குல இப்படித்தான் சிக்கிட்டு முழிக்கும். கூட நின்னு மல்லுக்கட்ட ஒரு ஆள் வேணும் சார்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வந்துடுங்க."

நன்றிகூடச் சொல்லாமல் வெளியே ஓடிவந்து, வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். வாட்ச்மேன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அழாதம்மா. இது இல்லன்னா இன்னொரு வேலை."

"கிடைச்சிருச்சுண்ணே!" என்று இன்னும் பலமாக அழுதேன்.