வால் வைத்த கோடு

எங்கள் பால்கனிச் செடிக்கு யாரோ எனக்குத் தெரியாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அளவெடுத்தே முப்பது வருடம் பிழைத்தவன் சொல்கிறேன்.

செடி கார்டேனியா. மகள் வேலைக்காக வெளிநாடு போகுமுன் வாங்கி வைத்தது. ஒரே ஒரு வெள்ளைப் பூ பூத்தாலும் வீடு முழுக்க மணக்கும் என்று கடைக்காரர் அவளிடம் சொன்னாராம். மூன்று வருடம் பளபள இலையைத் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. சரியான அழுத்தக்காரச் செடி. குழாய்த் தண்ணீரின் உப்பு ஆகாது, மழைநீர்தான் வேண்டும். தொட்டியை இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகுதான் ஒரு குவளை ஊற்றவேண்டும். புது மாப்பிள்ளைகூட இத்தனை கெடுபிடி செய்யமாட்டார்.

இந்த வருடம் பதினொரு மொட்டு. மகள் அடுத்த மாதம் வருகிறாள், அவள் கண்முன்னால் பூக்கவேண்டும் என்று நான் தலைகீழாக நின்றேன். அப்போது பார்த்து இலைகள் மஞ்சளடித்தன. மொட்டுகள் பழுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. விரலை விட்டால் மண் சொதசொதவென்று இருந்தது. வாளியில் பிடித்துவைத்த மழைநீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. இப்படியே விட்டால் வேர் அழுகிவிடும்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவன் நான்.

முன்னறைதான் எங்கள் தையற்கடை. அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் நான்; அளவு எழுதுவதும் தைப்பதும் என் மனைவி. அவளிடம் போய் நின்றேன்.

“செடிக்குத் தண்ணி ஊத்துனியா?”

பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமாங்க. காஞ்சு கெடக்குதேன்னு ஊத்துனேன்.”

கத்திரி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மனதில் எதையாவது மறைக்கும்போது மட்டும்தான் அவள் அப்படிச் செய்வாள். செய்த தப்பு உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அதே வாரம் வாடிக்கைக்காரர் ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கை இரண்டு அங்குலம் குட்டை. போன மாதமும் ஒருவருக்கு இதே கதைதான்.

“அளவைத் தப்பா எழுதுனியா?”

“கவனிக்கலைங்க” என்றாள். மறுபடியும் நூல், மறுபடியும் பல்.

செடியையும் கெடுத்துக் கடைப் பேரையும் கெடுக்கிறாளே என்று எனக்கு ஆறவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், துணியில் குறி போடும் நீல சாக்பீஸால் தொட்டியில் ஒரு கோடு போடுவது. கோட்டுக் கணக்குக்கு மேல் மண்ணில் ஈரம் இருந்தால் அகப்பட்டாள். என்னைப் போல ஒரு கோடு போட்டு ஏமாற்றவும் அவளால் முடியாது. முடியும் இடத்தில் என் மணிக்கட்டு தானாகத் திரும்பி ஒரு சின்ன வால் விழும். அந்த வாலை மனைவி எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துத் தோற்றிருக்கிறாள்.

காலையில் ஒரு குவளை ஊற்றி, ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நான்கு கோடுகள். நான்கிலும் வால்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சாக்பீஸைத் தேடினேன். அது காலையிலிருந்து என் சட்டைப்பையிலேயே இருந்தது. விரல்நுனியெல்லாம் நீலம். ஒரு கோடு போட்டது நன்றாக நினைவிருக்கிறது. மற்ற மூன்றையும் எனக்குள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவ்வளவு பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அந்த நேரம் மனைவி வந்தாள். நான் அங்கே இருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்த தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வந்திருக்கிறாள்.

“எத்தனை நாளா கொட்டுற?”

“மொட்டு விட்டதுலேர்ந்து.”

“அப்ப நீ ஊத்தவே இல்ல?”

“இல்லைங்க.”

“சட்டைக் கை?”

அவள் கோடுகளைப் பார்த்தாள். “அளவு சரியாத்தான் எழுதியிருந்தேன். வெட்டுறப்ப கை நுனியில வைக்கிற பட்டி அகலத்தை ரெண்டு தடவை கழிச்சிட்டீங்க.”

“பின்ன ஏன் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்ட?”

“என்னைத் திட்டுறப்ப நீங்க பழைய ஆளாவே இருந்தீங்க. அதான்” என்றவள் தட்டை உருவித் தண்ணீரைக் கொட்டினாள். “டாக்டரைப் பாத்துடலாங்க.”

“அவ வந்துட்டுப் போகட்டும்” என்றேன். மகளுக்குத் தெரிவதைத்தான் என்னால் தாங்கமுடியாது. ஒரே ஒரு மொட்டு மீதி இருந்தது.

மறுநாள் குவளையை எடுத்தவன், பால்கனிக்குப் போகாமல் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு காரியத்தை அவளைக் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.

“இன்னிக்கு ஊத்திட்டேனா?”

“ஊத்தியாச்சுங்க.”

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவள் தலைகூட நிமிரவில்லை. குவளையைக் கீழே வைத்தேன்.

“இதை இன்னிக்கு எத்தனை தடவை கேட்டேன்?”

“இப்பதாங்க. முதல் தடவை.”

கத்திரி அவள் மடியிலேயே இருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.