முப்பத்தொரு டிகிரி

கடல் அட்டை ஒன்று என்ன விலை போகும் என்று சென்னப்பன் கேட்டதற்கு, "ஜெயிலு" என்றாள் சோபனா. பிடிக்கவே தடையுள்ள உயிர், விற்றால் உள்ளே போக வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கென்று அனுமதி வாங்கி வளர்த்த இருபதுதான் பெட்டிக்குள் கடல்தண்ணீரில் வெள்ளரிக்காய் போலக் கிடந்தன. விலையில்லாத சரக்கை அவன் வண்டி சுமப்பது இதுவே முதல் தடவை. அவள் வந்த ஏசி வண்டி சேலத்தில் படுத்துவிட, தக்காளி இறக்கிவிட்டுப் பாலக்கோட்டுக்கு வெறுமனே திரும்பவிருந்தவனைப் பெங்களூர்வரைக்கும் பேசிப் பிடித்திருந்தாள். வெயில் ஏறுமுன் கணவாயைத் தாண்டிவிடலாம் என்று அவனும் அடித்துச் சொன்னான். தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி குடைசாய்ந்து வழியை மறித்துக் கிடந்தது.

பதினொரு மணிக்கு வண்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

"சூடு தாங்கலன்னா குடலையே வெளிய தள்ளிரும்ணா. எத்தன டிகிரில தள்ளுதுங்கறதுதான் என் மூணு வருச வேல."

"நம்மூர்ல மனுசனுக்கே அப்பிடித்தாம்மா தள்ளுது. ஒருத்தரும் எழுதி வெக்கல."

அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐஸ் தேடி நடந்தாள்.

ஒரு மணி நேரமாயிற்று. சரக்கு வாடினால் என்ன செய்ய வேண்டும் என்று தக்காளி ஏற்றுகிறவனுக்குத் தெரியாதா? மூடியைத் திறந்து விரலை விட்டான். வெந்நீர். சாக்குக்கடியில் இரண்டு கேன் குடிதண்ணீர் சில்லென்று இருந்தது. பெட்டியிலிருந்ததில் பாதியை மொண்டு கொட்டினான், கேன்களைக் கவிழ்த்தான். பாதி உப்புத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதே, போதாதா என்று பட்டது. சற்று நேரத்தில் அவை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு, பழுப்பாக, கொழகொழவென்று எதையோ கக்கின. அவசரமாக மூடினான்.

ஐஸ் மூட்டையோடு வந்தவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து தெர்மாமீட்டரை விட்டாள்.

"முப்பத்தொண்ணுதாண்ணா காட்டுது." நல்ல தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும், உப்பை அளக்கும் கருவி; அது சேலத்தில் படுத்த ஏசி வண்டியோடு தங்கிவிட்டது. அழுத கண்ணில் வேறெதுவோ மினுங்கியது. "இவ்ளோ கம்மி சூட்டுலயா? இத யாருமே சொன்னதில்ல."

சென்னப்பன் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அழுகின தக்காளிக்கு ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறான். காலிக் கேன்களைச் சாக்குக்கடியில் தள்ளினான்.

"மூடியத் தொறந்தீங்களாண்ணா?"

"இல்லம்மா. வெய்யிலுதான்."

முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் அசையவில்லை. நோட்டைப் பெட்டிமேல் வைத்து எழுதினாள்: மொத்தம் இருபது. குடல் கக்கியவை பதினெட்டு. முழுதாக இரண்டு. நீர் முப்பத்தொன்று. காரணம்: வெப்பம்.

அடியில் இரண்டு கோடு கிழித்தாள்.