ஏறாமல் விட்ட பஸ்

அண்ணன் காணாமல் போனதிலிருந்து தங்கையின் கண்ணில் ஆண்களின் முகம் படவில்லை, பிடரிதான் பட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் அண்ணனைப் போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தால் போதும், எழுந்துபோய் எட்டிப் பார்ப்பாள். "மன்னிச்சுக்குங்க, தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்" என்று அசடு வழிந்துவிட்டு வந்து உட்காருவாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்கும்போதும் பார்வை வாசலில் இருக்கும். "நீ கேக்குறது என்னையா, தெருவையாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வழக்கம்போலக் காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான் என்றார்கள் கம்பெனியில். வீடு வந்து சேரவில்லை. ஃபோன் அணைந்து கிடந்தது. சண்டை சச்சரவு, காதல் கத்தரிக்காய் எதுவும் கிடையாது.

"ஒண்ணுமே இல்லாமயா ஒருத்தன் போவான்?" என்று போலீஸ்காரர் கேட்டது அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நடுக்கூடத்தில் வந்து நிற்பாள். "குளிக்கப் போனா வெளிய வரமாட்டியான்னு சத்தம் போட்டேனே, அதுக்கா இருக்குமோ?" அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும்.

கூடமாட நின்றவன் அண்ணனின் நண்பன் ஒட்டடை. ஒட்டடைக்கம்பு மாதிரி ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி; அதனால் அந்தப் பட்டப்பெயர். 'காணவில்லை' போஸ்டரை அவன்தான் ஏணி இல்லாமலே மற்றவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டினான். பசைவாளியோடு தெருத்தெருவாக அவளுக்குப் பின்னால் அலைந்தான். ஆனால் அதிகம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிணவறையிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் வயதுள்ள ஒரு ஆண், அடையாளம் பார்க்க வேண்டும். அங்கே பெஞ்சில் இன்னொரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகனைக் காணோம், வருஷங்கள் ஆகிவிட்டன. முதலில் அவள் உள்ளே போய் வந்து, இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தங்கை போனாள். துணியை விலக்கினார்கள். அண்ணன் இல்லை.

வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னாள்: "உனக்கு இப்ப நிம்மதியா இருக்கும். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. இப்பல்லாம், இவனாவே இருந்துடக் கூடாதான்னு தோணுது." ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கை படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் நின்ற ஒட்டடைக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அழாத. அவன் உயிரோடதான் இருக்கான்."

"என்ன சொன்ன?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். வேற ஊர்ல, ஒரு ஓட்டல்ல லிஃப்ட் வேலை பாக்குறான்."

பளாரென்று அறைந்தாள். எம்பித்தான் அறைய வேண்டியிருந்தது. "எங்கூடவே வந்து போஸ்டர் ஒட்டுனியேடா!"

"வராம இருந்தா சந்தேகப்படுவியே" என்றான், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

ஒட்டடையிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் மறுநாளே கிளம்பினாள். ஓட்டலின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஓடவில்லை, கிட்டே வரவும் இல்லை.

"ஏண்ணா?"

"தெரியல."

"தெரியலன்னு சொன்னா கொன்னுடுவேன். அம்மா என்ன பண்ணா? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. வேலை முடிச்சு பஸ் ஸ்டாப்ல நின்னேன். நம்ம பஸ் வந்துச்சு. ஏறல. அடுத்தது வந்துச்சு. அதுலயும் ஏறல. எதுத்தாப்ல வேற ஒரு பஸ் காலியா நின்னுச்சு, ஏறி உக்காந்துட்டேன். மறுநாளே ஃபோன் பண்ணிடலாம்னுதான் இருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த நாள் அதவிடக் கஷ்டமாயிடுச்சு. நாள் ஆக ஆக..."

பொய் சொல்கிறானா என்று முகத்தையே பார்த்தாள். பொய்யாக இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். வீட்டு நம்பரைப் போட்டு ஃபோனை அவன் காதில் வைத்து அழுத்தினாள்.

"யாரு?" என்றாள் அம்மா.  அவன் மூச்சு மட்டும் போய்வந்தது.

அம்மா கேட்டாள்: "சளி பிடிச்சிருக்கா உனக்கு?"

அவன் கிரீஸ் கையோடேயே ஃபோனை வாங்கிக்கொண்டான்.

"இருக்கேல்ல? அது போதும். வை" என்று அம்மாவே துண்டித்தாள்.

தங்கை தனியாகத்தான் திரும்பினாள். வழியில் பிணவறை அம்மாளின் அழைப்பு வந்தது.

"அண்ணன் கெடச்சாராம்மா?"

மறைக்க மனம் வரவில்லை. "கெடச்சாச்சும்மா. உயிரோட இருக்கான்."

 "ரொம்ப சந்தோஷம்மா. எந்த ஊர்ல இருந்தாரு? நான் அந்தப் பக்கம் இன்னும் தேடவே இல்ல" என்றது அந்தக் குரல். தங்கை ஊர் பேரைச் சொன்னாள். ஓட்டல் இருக்கும் தெருவையும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து அண்ணன் வந்தான். அம்மா கதவைத் திறந்துவிட்டு, தட்டு எடுத்துவைக்க உள்ளே போனாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பழைய கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது. தெருச் சுவர்களில் அவன் முகத்தை ஒட்டடை சுரண்டி எடுத்தான். நான் ஒட்டினதை நானேதான் சுரண்டணும், வேற யாருக்கும் எட்டாதே என்று கிண்டலும் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனாலும் அண்ணன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் போதும், அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். தங்கை ஜன்னலுக்குப் போவாள். அவனுக்கும் தெரியும்.

"முக்குக் கடைக்குத்தான்மா, பால் வாங்க" என்பான், திரும்பிப் பார்க்காமல்.

"போயிட்டு வா. நான் சும்மாதான் நிக்கிறேன்" என்பாள் அம்மா.